இரண்டாவது பொட்டலம்

இது ஆடியில் நடந்ததா ஆவணியில் நடந்ததா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று கடிதங்களும் ஒரே வாரத்தில் வந்ததாக நினைவு. மலாயாக் கடிதம் மட்டும் பிந்தி வந்திருக்கவும் கூடும். கேட்டது எது, கூட இருந்து பார்த்தது எது என்று பிரிக்க முடியாதபடி இத்தனை வருஷத்தில் எல்லாம் கலந்துவிட்டன. அப்புசாமிக் கவுண்டர் அன்று விடிகாலையில் நந்தவனத்துக்குத் தனியாகப் போனாரா, நாயும் பின்னால் போனதா என்பதில்கூட எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் பறித்த பூவின் நிறத்தில் மட்டும் சந்தேகமில்லை.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி அப்புசாமியின் தோட்டம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வழக்கமாகச் சாரலைக் கொண்டுவரும். அந்த வருஷம் வெறும் காற்றாக வந்து சோளத்தட்டைச் சாய்த்துவிட்டுப் போனது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. விடிகாலையில் காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்தால் இரண்டு மணி நேரத்தில் தோல்சால் கிணற்றுத் தரையைத் தட்டும். காளைகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, மறுபடி ஊறுவதற்குப் பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அண்ணனும் தம்பியும் கிணற்று மேட்டில் வேம்பு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு இராது. தம்பிதுரையின் கையில் ஒரு புத்தகம் இருக்கும். அவன் பக்கம் திருப்புகிற சத்தமும் காளைகள் அசைபோடுகிற சத்தமும்தான் அங்கே கேட்கும்.

தம்பிதுரை கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன். அந்தச் சித்திரையில் மேல் வகுப்புகளைக் குறைத்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவனை முதலில் அனுப்பினார்கள். பெண்டாட்டி நஞ்சம்மாளோடும் நாலு வயது மகள் செல்லாத்தாளோடும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். கூட வந்த டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம்.

தோட்டத்தில் அவனுக்குப் பங்கு இல்லை. அது அநியாயமாக நடந்த காரியமும் அல்ல. அவர்கள் அப்பா சாகும்போது, பெரியவனுக்குப் பூமி, சின்னவனுக்குப் படிப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். மேற்கே இருந்த மேட்டுக்காடு சின்னவன் பி.ஏ. முடிப்பதற்குள் கைமாறிப் போனது. அந்தப் பக்கத்தில் சில வீடுகளில் அப்படிப் பிரித்துக்கொள்வது உண்டு. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததனாலேயே அது எப்போதும் இருவருக்கும் நடுவில் இருந்தது.

வந்த புதிதில் கவலை ஓட்டிப் பார்த்தான். கவலைக் காளை முன்னால் இறங்குவதைவிடப் பின்னால் நடந்து மேடேறுவதுதான் வித்தை. அதற்கு ஓட்டுகிறவன் குரல் வேண்டும். தம்பிதுரையின் குரலுக்குக் காளைகள் நின்ற இடத்திலேயே நின்று அவனைத் திரும்பிப் பார்த்தன.

அண்ணன் பெண்டாட்டி சுப்பாத்தாள் வரப்பில் நின்று சிரித்தாள். "ஏனுங் வாத்தியாரே, இங்கிலீசுல சொன்னீங்களாக்கு? அதுக்கு இன்னும் ஒண்ணாம் பாடமே ஆகலீங்க."

அவனும் சிரித்தான். கை கொப்புளித்திருந்ததை வேட்டியில் மறைத்துக்கொண்டான். அப்புசாமி அதைப் பார்த்தார். பார்க்காததுபோல் மூக்கணாங்கயிற்றை வாங்கிக்கொண்டார்.

ஊருக்கு அவனால் ஒரு உபயோகம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் யாருக்குத் தந்தி வந்தாலும் பிரிக்காமல் அவனிடம் கொண்டுவருவார்கள். முதலில் தனக்குள் படிப்பான். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்க மாட்டான். நல்ல சேதியானால் உடனே சொல்லிவிடுவான். இல்லாவிட்டால், "உக்காருங்க" என்பான். அவன் உட்காரச் சொன்னால் சாவுச் சேதி என்று ஊருக்கே தெரியும். சிலர் உட்காராமலே திரும்பி நடந்துவிடுவார்கள்.

அவன் எங்கெங்கோ எழுதிப்போட்டதற்குப் பதிலாக அந்த மூன்று கடிதங்களும் வந்தன. ஒன்று ரங்கூனிலிருந்து. ஒன்று மலாயாவில் ஈப்போவுக்குப் பக்கத்திலிருந்து. இன்னொன்று இலங்கையில் கேகாலைப் பக்கமிருந்து. மூன்றிலும் இங்கிலீஷ் வாத்தியார் வேலை. மூன்று பேரும் மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

அன்று வெள்ளாமை பார்க்க அப்துல் முத்தலிப் ராவுத்தர் வந்திருந்தார். கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுக்காரர். வருஷா வருஷம் அந்தத் தோட்டத்து மிளகாயும் கடலைக்காயும் அவருக்குத்தான். மலாயாக் கடிதம் வந்ததற்கு அவரே காரணம். அவர் மனைவி தாஜுன்னிசாவின் தம்பி ரசாக் பினாங்கில் கடை வைத்திருந்தான். அவன்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்களிடம் சொல்லியிருந்தான்.

வேம்படியில் கயிற்றுக் கட்டில் போட்டார்கள். சுப்பாத்தாள் வேகவைத்த கடலைக்காயைச் சுளகிலும், மோரைச் செம்பிலும் கொண்டுவந்து வைத்தாள். நஞ்சம்மாள் கொஞ்சம் தள்ளி மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்கிற தூரத்தில் இருந்தாள்.

"ரங்கூனு வேண்டாமுங்க வாத்தியாரே" என்றார் ராவுத்தர். "நாலு வருசத்துக்கு முந்தி நடந்த கலாட்டாவுல நான் அங்க இருந்தவன். நாலு நாளு அரிசி மூட்டைக்குப் பின்னால ஒக்காந்திருந்தனுங்க. ஒண்ணுக்குப் போவறதுக்குக்கூட மூட்டைய எண்ணிட்டுத்தான் எந்திரிக்கோணும். அந்த ஊர்க்காரனுக்கு நம்மளக் கண்டா ஆவறதில்லீங்க இப்ப."

"அப்ப அது வேண்டாம்" என்றார் அப்புசாமி. ஒன்று குறைந்ததில் அவருக்கு மூச்சு லேசாக வந்தது.

"ஈப்போவுக்குப் போவச் சொல்லுங்க கவுண்டரே. கண்ண மூடிட்டுச் சொல்லுங்க. சர்க்கார் மாதிரி நடக்கற பள்ளிக்கூடம். சீனப் பசங்க, மலாய்ப் பசங்க, நம்ம பசங்க, எல்லாம் ஒரே பெஞ்சுல. பொஸ்தகத்துக்குன்னே தனியா ஒரு பெரிய ரூம்பு இருக்குதுன்னு மச்சான் எழுதியிருக்கறான். அதுக்குச் சாவி இங்கிலீசு வாத்தியார்கிட்டத்தான் இருக்குமாமா."

 தம்பிதுரை கையில் இருந்த மலாயாக் கடிதத்தின் மடிப்பைக் கட்டைவிரலால் நீவினான். நீவி முடித்ததை மறுபடியும் நீவினான். அப்புசாமி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுப்பாத்தாளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஏனுங் ராவுத்தரே, கப்பலேறிப் போயி இங்கிலீசு சொல்லிக் குடுக்கறதுக்கு, அங்க இங்கிலீசுக்காரனே இல்லாமப் போயிட்டானுங்களா?"

"இருக்கறானுங்க அம்மணி. அதட்டறதுக்கு இருக்கறான். சொல்லிக் குடுக்கறதுக்கு நம்மாளு வேணுமுங்க."

"அதுக்கு மட்டும் நம்மாளு!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்புசாமி சிரிக்கவில்லை.

"போறதுக்கு எத்தன நாளாவுமுங்க?"

"நாகப்பட்டணத்துல ஏறுனா ஏழு நாளுன்னு வெச்சுக்குங்க."

"திரும்பி வாரது?"

"மூணு வருசத்துக்கு ஒருக்கா லீவு தருவாங்க. மொத வருசம் குடும்பத்தக் கூட்டிட்டுப் போவ முடியாது. அப்பறம் ஊடு குடுப்பாங்க."

"ஒரு நோவு நொடின்னா?"

"ஆஸ்பத்திரி இருக்குதுங்க. இங்கத்தையவிட நல்ல ஆஸ்பத்திரி."

"அதுக்கில்லீங்க. நாங்க போயிப் பாக்கறதுக்கு."

ராவுத்தர் மடியில் கிடந்த கடலைக்காய்த் தோலை உதறினார். "தந்தி அடிப்பாங்க கவுண்டரே" என்றார், மெதுவாக.

"தந்தி வந்து?"

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நஞ்சம்மாள் காம்பு கிள்ளுவதை நிறுத்தியிருந்தாள்.

"சிலோனு எப்படிங்க?" என்று அப்புசாமியே கேட்டார்.

"அது கிட்டத்தானுங்க. தனுஷ்கோடியில கப்பலேறுனா ரண்டு மணி நேரம். வெத்தல போட்டுத் துப்பறதுக்குள்ள அக்கரை. ஆனா வேல என்னங்க, தோட்டத்துக் கணக்குப்பிள்ளைங்க பசங்களுக்கு ஏ பி சி டி. நம்ம வாத்தியார் படிப்புக்கு அது..." ராவுத்தர் மோரை எடுத்துக் குடித்தார்.

அவர் போன பிறகு இரண்டு பேரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று வேப்பம்பழங்களை உதிர்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊறுகிற சத்தம் கேட்கிறதா என்று அப்புசாமி கிணற்றுப் பக்கம் காது கொடுத்துக்கொண்டே இருந்தார். அது பழக்கம்.

"நீ என்ன ரோசனை பண்ணியிருக்கற?"

"நீங்க சொல்லுங்ணா."

"போறவன் நீ."

"அனுப்பறவங்க நீங்கதானுங்ணா."

 "எங்கயும் போவ வேண்டாம், இருக்கற தண்ணியில ஆளுக்குப் பாதி பாச்சிக்கலாம்" என்று ஒரு வாக்கியம் அப்புசாமியின் வாயில் இருந்தது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் எட்டு வாய். கிணறு இரண்டு மணி நேரம். சொல்லிவிட்டுக் கொடுக்க முடியாமல் போவதைவிடச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் தம்பி காத்திருந்தானோ என்பது பிற்பாடுதான் தோன்றியது. அன்றைக்குத் தோன்றவில்லை.

கடைசியில் அவர் சொன்னார்: "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் போடலாம்."

தம்பிதுரை புத்தகத்தை மூடினான். பி.ஏ. படித்தவன் இதற்கு எப்படி ஒப்புக்கொண்டான் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவன் முகத்தில் அப்போது வந்தது நம்பிக்கை அல்ல. பாரத்தை இறக்கிவைக்க ஒரு மேடை கிடைத்தவனின் முகம் அது.

"சரிங்ணா" என்றான்.

பூக் கேட்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற காரியம். கிணறு வெட்டவும், பெண் எடுக்கவும், வழக்குப் போடவும் மாகாளியாத்தாளிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாக இலையில் சுற்றி, நூல் கட்டி, சாமி காலடியில் வைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றும் அறியாத குழந்தை கையால் ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது; அப்படியே ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பூப் பறித்துப் பொட்டலம் கட்டுவது வீட்டுக்கு மூத்தவரின் பொறுப்பு.

வெள்ளி வந்தால் சிலோன். சிவப்பு வந்தால் மலாயா என்று முன்னிரவே பேசி வைத்தார்கள். வெள்ளைப் பூவை அந்த ஊரில் "வெள்ளி" என்றும் சொல்வார்கள்.

விடிகாலையில் அப்புசாமி தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு கோயில் நந்தவனத்துக்குப் போனார். வெள்ளரளி ஒன்று பறித்துப் பூவரச இலையில் சுற்றி நூல் போட்டார். செவ்வரளி ஒன்று பறித்தார். அதற்கும் இலை எடுத்தார். உள்ளங்கையில் பூவை வைத்துக்கொண்டு நின்றார். ஏழு நாள் கப்பல். மூன்று வருஷம். "தந்தி வந்து?" என்று தாம் கேட்டதும், யாரும் பதில் சொல்லாததும் நினைவு வந்தன. தம்பியின் கட்டைவிரல் கடிதத்தை நீவியதும் நினைவு வந்தது. அதைத் தள்ளிவிட்டார். கிட்ட இருந்தால் போய்ப் பார்க்கலாம். ஒரு வெள்ளாமை வந்தால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அவர் நினைத்தது. கெட்டது ஒன்றும் நினைக்கவில்லை.

செவ்வரளியை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார். இன்னொரு வெள்ளரளி பறித்து இரண்டாவது இலையில் சுற்றினார். நூலை முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து இழுத்தார்.

கோயிலில் பூசாரி மணி அடித்தார். செல்லாத்தாளுக்கு எண்ணெய் வைத்துச் சீவி, மஞ்சள் பாவாடை கட்டிவிட்டிருந்தார்கள். "எது வேணுமோ எடு கண்ணு" என்று தம்பிதுரை சொன்னான்.

குழந்தை இரண்டு பொட்டலங்களையும் வெகுநேரம் பார்த்தது. முதலில் ஒன்றைத் தொட்டது. பிறகு கையை எடுத்துக்கொண்டது. மறுபடி அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தது. தான் பெரிய காரியம் செய்கிறோம் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அப்புசாமி சாமியைப் பார்க்கவில்லை. கோயில் தரையில் ஊர்ந்த ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசாரி பிரித்தார். "வெள்ளி வந்திருச்சுங்க. ஆத்தா சிலோனுன்னு சொல்லிப்போட்டா."

நஞ்சம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். தம்பிதுரை அந்த வெள்ளைப் பூவைப் பூசாரி கையிலிருந்து வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்து, மகள் தலையில் செருகினான்.

"சாமர்த்தியக்காரி. ராசியான கை" என்றாள் சுப்பாத்தாள். குழந்தை வெட்கப்பட்டு அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

எடுக்காத பொட்டலத்தை நஞ்சம்மாள்தான் வாய்க்காலில் விட எடுத்துப் போனாள்.

புரட்டாசி முதல் வாரத்தில் தம்பிதுரை கிளம்பினான். போத்தனூர் ஸ்டேஷன் வரை அப்புசாமி போனார். நஞ்சம்மாள் கட்டிக்கொடுத்த புளிச்சோறும், ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயப் பலகாரமும் இருந்தன. பெட்டியில் பாதிப் புத்தகத்தை எடுத்துவிட்டு வேட்டி அடுக்கியிருந்தார்கள். வண்டி வரக் கால் மணி இருந்தது. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்தார்கள்.

வண்டிச் சத்தம் கேட்டதும் தம்பிதுரை சொன்னான்: "இப்ப உங்களுக்குத் தைரியமா இருக்குதுங்களாணா?"

அப்புசாமி தலையை ஆட்டினார்.

"அது போதுமுங்ணா. நஞ்சாளையும் புள்ளையையும் பாத்துக்குங்க. தை பொறந்ததும் ஊடு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்தவன் கையை ஆட்டவில்லை. அந்த வழக்கம் அவர்களுக்கு இல்லை. வண்டி வளைவில் திரும்பும்வரை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடிதங்கள் நஞ்சம்மாள் பேருக்கு வந்தன. அவன் கற்றுக்கொடுத்த எழுத்தை அவள் கூட்டிக் கூட்டிப் படிப்பாள். அப்புசாமி கதவுக்கு வெளியே நின்று கேட்பார். முதல் கடிதம் மண்டபத்திலிருந்து. கூலிக்குப் போகிறவர்களோடு சில நாள் முகாமில் நிறுத்திவைத்தார்கள், துணியெல்லாம் வாங்கி ஆவியில் வைத்துக் கொடுத்தார்கள், என் கோட்டு சுருங்கிவிட்டது என்று எழுதியிருந்தான். நஞ்சம்மாள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இரண்டாவது கேகாலைக்குப் பக்கத்திலிருந்து. பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓர் ஆறு. மழை இல்லாமல் ஆறு வற்றி மணலில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கிறது. நம் கிணறு நினைவுக்கு வருகிறது. கிணற்றில் ஊற்று எப்படி?

மூன்றாவதில் கையெழுத்து அவசரமாக இருந்தது. பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. எங்கும் குளிர்காய்ச்சல். வீட்டுக்கு வீடு படுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை மூடி அங்கேயே கொயினா மருந்து கொடுக்கிறார்கள். இங்கிலீஷில் வரும் மருந்துச் சீட்டை நான் படித்துச் சொல்கிறேன்.

நாலாவது ஒரு கார்டு. எனக்கும் நேற்றுக் குளிர் கண்டது. பயப்பட வேண்டாம். பாப்பா என்ன செய்கிறாள்?

அப்புசாமி போய்ப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினார். கிட்ட இருந்தால் போய்ப் பார்க்கலாம் என்றுதானே எல்லாம். கிணத்துக்கடவு ஸ்டேஷன் மாஸ்டர் கோபாலசாமி அய்யர், இப்போது அந்தப் பக்கம் போகிறவர்களை மண்டபத்தில் நிறுத்துகிறார்கள், அடுத்த வாரம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரம் என்பது மார்கழி ஆகிவிட்டது.

மார்கழியில் ஒரு நாள், களத்தில் சோளக்கதிர் மிதித்துக்கொண்டிருந்தபோது தந்திச் சேவகன் வந்தான். சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு மெதுவாக நடந்து வந்தான். உறையை நீட்டினான்.

"என்னன்னு போட்டிருக்குதுங்க?"

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க கவுண்டரே" என்றான். அவர் முகத்தை அவன் பார்க்கவில்லை. கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்த பெருவிரல் மையை அவர் துடைப்பதற்குள் சைக்கிள் ஏறிவிட்டான்.

அப்புசாமி உறையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் இரண்டு அடி நடந்தார். தந்தி வந்தால் எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது காலுக்குத் தெரிந்திருந்தது. அப்புறம்தான் நின்றார். வீட்டில் அதைப் படிக்கிறவன் இல்லை.

யாரிடமும் சொல்லாமல் கிணத்துக்கடவுக்கு நடந்தார். இரண்டு மைல். வழியில் கொள்ளுக் காட்டில் காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள், "எங்கீங் கவுண்டரே, இந்த வெயில்ல?" என்று கேட்டார்கள். "சும்மா" என்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர் உறையைப் பிரித்தார். தனக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உக்காருங்கோ கவுண்டரே" என்றார்.

அப்புசாமி உட்காரவில்லை.

காரியமெல்லாம் உடம்பு இல்லாமல் நடந்தது. அங்கேயே புதைத்துவிட்டதாக, அவனோடு வேலை பார்த்த ஒரு வாத்தியாரிடமிருந்து பதினைந்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. பெட்டியைத் தீயிட்டுவிட்டார்களாம். கூடப் புத்தகங்களையும்.

மாசியில் பருத்தி வெடித்தது. முதல் எடுப்பன்று வீட்டுச் சிறுமியை விட்டு முதல் சுளையை எடுக்கச் சொல்வது அந்தத் தோட்டத்து வழக்கம். போன வருஷம் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தபோது செல்லாத்தாள்தான் எடுத்தாள். இந்த வருஷமும் மஞ்சள் பாவாடையோடு வந்து வரப்பில் நின்றாள். சுப்பாத்தாள் பக்கத்துத் தோட்டத்துக் குழந்தை ஒன்றைக் கூட்டிவந்திருந்தாள்.

"பெரீம்மா, நானு?"

"வேண்டாம் கண்ணு. நீ அக்கட்ட போயி வெளையாடு."

"போன வருசம் நாந்தானே எடுத்தேன்?"

சுப்பாத்தாள் கெட்டவள் அல்ல. சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தாள். ஆள்கள் காத்துக்கொண்டிருந்தார்கள், குழந்தை விடவில்லை. "உன்ற கை வேண்டாம் சாமி. எடுத்த கையில அப்பனையே எடுத்துக் குடுத்துட்ட. வெள்ளாமைக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்னவுடன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

குழந்தை தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தது. முன்னும் பின்னும் பார்த்தது. பிறகு அதைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டது.

அப்புசாமி பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். வாயைத் திறந்தார். பருத்தி எடுக்க வந்த பன்னிரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். "ஆளுக்கொரு நெரையப் புடிங்க, வெயில் ஏறுது" என்றார்.

அன்று பொழுது சாய்ந்ததும் மாட்டுக் கட்டுத்தறிக்குப் போனார். நஞ்சம்மாள் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கமில்லை. அவர் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அம்மணி."

"சொல்லுங்க மாமா."

"பாப்பா கையில ஒண்ணுமில்ல." என்றார். "அவ எதை எடுத்திருந்தாலும்..."

நஞ்சம்மாள் தட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு பழைய துணி முடிச்சு இருந்தது. தரையில் வைத்து அவிழ்த்தாள். சருகான பூவரச இலை. அதற்குள் பழுப்பேறிய ஓர் அரளி. செவ்வரளி காய்ந்தால் கறுக்கும். இது கறுக்கவில்லை.

"வாய்க்கால்ல உடப் போறப்ப நூலு அவுந்துருச்சுங்க மாமா. அன்னைக்கே பாத்துட்டேன்."

அப்புசாமி குனிந்து அதைப் பார்த்தார். "ஏம்மணி அப்பவே சொல்லலை?"

"சொல்லியிருந்தா மலாயா போயிருப்பாங்க."

மாட்டுக்கு இன்னொரு கை தட்டு அள்ளிப் போட்டாள்.

"எனக்கும் கிட்டவே இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சுங்க" என்றாள். "அவங்களுக்கு அந்த ஊருதான் ஆசைன்னு எனக்குத் தெரியுமுங்க. படுத்தா எந்திரிச்சா அந்தப் பொஸ்தக ரூம்பப் பத்தித்தான் நாயம் பேசுவாங்க. தெரிஞ்சேதான் பேசாம இருந்துபோட்டேன்."

அவர், "ஊர்ல சொல்லிப்போடறேன். பங்குனி நோம்பியில, சாமி முன்னால, எல்லாருங் கேக்கச் சொல்லிப்போடறேன். புள்ள பேர்ல பழி வேண்டாம்" என்றார்.

"சொல்லுங்க மாமா" என்றாள். பிறகு, "சொன்னா நம்ம ரண்டு பேரையும் என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

 அவள் துணியை மறுபடி முடிந்தாள்.

பங்குனி நோம்பி வந்தது. கம்பம் சுற்றி ஆடினார்கள். பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்தார்கள். அப்புசாமி சாமி முன்னால் நின்றார், பூசாரி திருநீறு கொடுத்தார், வாங்கிக்கொண்டு திரும்பினார். நஞ்சம்மாள் கூட்டத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்கவில்லை. அடுத்த வருஷமும் நோம்பி வந்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்லிவிடலாம். ரங்கூனில் யுத்தத்தில் குண்டு விழுந்தது. ஈப்போவுக்கு ஜப்பான்காரன் வந்தான். தம்பிதுரை போகாத அந்த வேலைக்குப் போன வாத்தியார் யார், என்ன ஆனார் என்று தெரியாது. பினாங்கு ரசாக்கைப் பற்றிக் கடைசிவரை சேதி இல்லை. முத்தலிப் ராவுத்தர் அறுபது வயது தாண்டி இறந்தார்; அந்தத் தோட்டத்து மிளகாயைக் கடைசி வருஷம்வரை அவரேதான் எடுத்தார். அப்புசாமி ஐம்பத்தொன்றாம் வருஷம் மாரடைப்பில் போனார். யாரிடமும் சொல்லவில்லை. சாகும்முன் கிணற்று மேட்டுக்குக் கிழக்கே நாலு ஏக்கரைச் செல்லாத்தாள் பேருக்கு எழுதி வைத்தார். எதற்கென்று சுப்பாத்தாளுக்கும் அவள் மகன்களுக்கும் புரியவில்லை. சுப்பாத்தாள் அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தாள்.

நஞ்சம்மாள் எண்பது வயது வரை இருந்தாள். கடைசியாகப் படுத்திருந்தபோது அந்தத் துணி முடிச்சை எடுத்துவரச் சொல்லி, மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். செல்லாத்தாளுக்கு அப்போது ஐம்பதுக்கு மேல், பேரன் எடுத்தாயிற்று. முழுதும் கேட்டுவிட்டு, "அப்படீங்களாம்மா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றப் போய்விட்டாள்.

செல்லாத்தாள் இன்றும் கிணத்துக்கடவுச் சந்தைக்கு வருகிறாள். கத்தரிக்காயானாலும் தேங்காயானாலும் குவியலில் கை வைப்பதில்லை. வலது கை முந்தானைக்குள் இருக்கும். "நீங்களே பாத்து எடுத்துப் போடுங்க" என்பாள். சொத்தை விழுந்தாலும் மாற்றிக் கேட்பதில்லை.